எந்த உயிரின் எண்ணெய் இது?

முகப்பூச்சு தயாரிக்கும் நிறுவனத்தாருக்கு,

அம்பத்தூர் ஓ.டி. அருகே ஒரு மருந்துக் கடையில் உங்கள் க்ரீமை என் மகளுக்காக வாங்கினேன். மூலப்பொருள் பட்டியலில் ‘ஸ்குவாலேன்’ என்றிருந்தது. எதிலிருந்து எடுத்தது என்று இல்லை. டப்பாவில் இருந்த எண்ணில் மூன்று முறை கேட்டேன். “விசாரித்துச் சொல்கிறோம் சார்” என்றார்கள். சொல்லவில்லை. அதனால்தான் இந்த மடல்.

ஸ்குவாலேனை ஆலிவ், கரும்பு ஆகியவற்றிலிருந்தும் எடுக்கிறார்கள். ஆழ்கடல் சுறாவின் ஈரலிலிருந்தும் எடுக்கிறார்கள். அதன் தாய்ப்பொருளான ஸ்குவாலீனுக்கு 1916-இல் சுறாவின் பெயரையே சூட்டியவர் ஜப்பானிய வேதியியலாளர் சுஜிமோட்டோ. ஈரல் எண்ணெய்க்காக அதிகம் வேட்டையாடப்படுவது சென்ட்ரோஃபோரிடே என்ற கல்பர் சுறாக் குடும்பம். சுறா என்றால் நமக்குப் பிள்ளை பெற்றவளுக்குச் செய்து தரும் பால்சுறாப் புட்டுதான் நினைவுக்கு வரும். கல்பர் சுறா வேறு. வெளிச்சம் எட்டாத ஆழத்தில் பச்சைக் கண்களோடு திரிவது. சுறாவுக்குக் காற்றுப்பை கிடையாது. ஈரலில் நிறைந்திருக்கும் எண்ணெய்தான் இதை மூழ்காமல் தாங்குகிறது. உடல் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு ஈரலே. அந்த ஈரலுக்காகத்தான் தூண்டில் இறங்குகிறது.

பெண் சுறா பருவத்துக்கு வரவே பல ஆண்டுகள் ஆகும். சுமார் இரண்டு ஆண்டுகள் வயிற்றில் சுமந்து, பெரும்பாலும் ஒன்றிரண்டு குட்டிதான் ஈனும். பிடித்த வேகத்துக்கு ஈடாகப் பெருகவே முடியாத உயிர் இது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் கடலில் 1976-77-இல் இந்தச் சுறாக்களை எண்ணியவர்கள் 20 ஆண்டு கழித்துத் திரும்பிப் போனார்கள். சில இனங்களில் நூற்றுக்கு ஒன்றுகூட எஞ்சவில்லை. மாலத்தீவில் 1980களில் சூடுபிடித்த ஈரல் எண்ணெய்த் தொழிலும் சுறா அற்றுப்போய்ப் படுத்தது.

நம் கடலிலும் இந்த வேட்டை உண்டு. கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர்ப் பகுதி மீனவர்கள் ஆழ்கடல் சுறா பிடிப்பதில் பேர்போனவர்கள். பிடித்ததைக் கொச்சித் துறைமுகத்தில் இறக்குகிறார்கள். அவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. நாள்கணக்கில் நடுக்கடலில் கிடந்து, விலை போவதைப் பிடிக்கிறார்கள். அந்த விலையை வைப்பது உங்களைப் போன்ற கொள்முதல்காரர்கள்.

அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் மாநாடு 2025 இறுதியில் சமர்கண்டில் கூடி, இந்தக் குடும்பம் முழுவதையும் இரண்டாம் பட்டியலில் சேர்த்தது. அந்தப் பட்டியலில் உள்ளவற்றின் பன்னாட்டு வணிகத்துக்கு அனுமதிச் சீட்டு வேண்டும். ஆனால் டப்பாவைக் கையில் எடுப்பவருக்கு அந்தச் சீட்டு தெரியாது. 2015-இல் ஒரு பிரெஞ்சு அமைப்பு 72 க்ரீம்களைச் சோதித்தபோது, ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் சுறா எண்ணெய் இருந்தது. எதிலிருந்து வந்தது என்பதை ஆய்வகத்தில் கண்டுபிடிக்க முடியும் என்றால், வாங்கிக் கலக்கும் உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்?

உங்களுடையது கரும்பு என்றால் கரும்பு என்று போடுங்கள். சுறா என்றால் சுறா என்று போடுங்கள். அந்த ஒரு சொல்லை அச்சிடும்வரை உங்கள் டப்பா எங்கள் வீட்டுக்குள் வராது.

இப்படிக்கு,
அம்பத்தூரிலிருந்து ஒரு வாடிக்கையாளர்