வழுச்செய்தியை வாசிக்க விடுங்கள்

உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிக்கும் எங்களுக்குப் பைத்தன் பாடத்திலேயே இருக்கிறது. ஆனால் எழுதிய செய்நிரல் ஓடாதபோது, "இந்தா சரியானது, பார்த்து எழுது" என்று கொடுத்துவிடுகிறார்கள். இதை உதவி என்று நான் ஏற்கமாட்டேன்.

என் தோழி ஒருத்தி, பாடக் குறிப்புகள் உள்ள கோப்புறைகள் அனைத்துக்குள்ளும் புகுந்து, ஒவ்வொரு கோப்பையும் திறந்து சொற்களை எண்ணும் செய்நிரல் எழுதினாள். "அப்படியொரு கோப்பு இல்லை" என்றது கணினி. கோப்போ திரையில் கண்முன்னே கிடக்கிறது! வைரஸ் என்றார்கள் சிலர். (பாவம் வைரஸ், எல்லாப் பழியும் அதற்குத்தான்.)

திறக்குமுன் அந்தப் பெயரை அச்சிட்டுப் பார் என்றேன். வெறும் பெயர்தான் வந்தது. 'ஓஎஸ்.வோக்' ஒவ்வொரு சுற்றிலும் கோப்புறையின் பாதை, உள்ளிருக்கும் கோப்புறைகள், கோப்புகளின் பெயர்கள் என மூன்றைத் தனித்தனியே தருகிறது. பெயரை மட்டும் கொடுத்தால் பைத்தன் தான் இயங்கும் கோப்புறையில்தான் தேடும். தெருப் பெயரில்லாமல் வீட்டு இலக்கம் மட்டும் எழுதிய கடிதம் போல. 'ஓஎஸ்.பாத்.ஜொயின்' கொண்டு பாதையையும் பெயரையும் இணைத்தாள், ஓடியது. அந்த வரியை நான் எழுதிக் கொடுத்திருந்தால் அடுத்த செய்நிரலுக்கும் என்னிடமே வந்திருப்பாள்.

பெற்றோரே, மகள் மாலை முழுதும் இருந்தும் "இன்னும் சரிவரவில்லை" என்றால், நேரம் வீண் என்று எழுப்பிவிடாதீர்கள். எத்தனையாவது வரியில் நின்றது என்று கேளுங்கள். ஆங்கிலம் என்று அவள் தாண்டிவிடும் அந்தக் கடைசி வரியைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள்.