முடியட்டும், பார்க்கலாம்!

சித்தன்னவாசல் மலையடிவாரத்தில் நண்பர் ஒருவர் என்னிடம் ஒரு வழக்கைக் கொண்டுவந்தார். பிரதிவாதி அவருடைய மகன். குற்றம்: நல்ல உத்தியோகத்தை விட்டுவிட்டு மூன்று வருஷமாக ஒரு வீடியோ விளையாட்டை உருவாக்கிக் கொண்டிருப்பது.

"நீங்கள் நாவல் எழுதுகிறவர். நீங்கள் சொன்னால் கேட்பான்" என்றார்.

பையன் வாதாடவில்லை. நோட்டுப் புத்தகத்தை நீட்டினான். அறிவர் கோயில் விதானத்துத் தாமரைக் குளம், அதிலுள்ள மீன், அன்னம், யானை, எருமை, பூப் பறிக்கும் மனிதர் எல்லாம் அதில் இருந்தன. அவனுடைய விளையாட்டில் ஒரு சிறுமி அந்தக் குளத்திலிருந்து புறப்படுகிறாள். தாவியும் தொற்றியும் மலை ஏறுகிறாள். பாறையில் வெட்டிய படிகளைக் கடந்து, சமண முனிவர்களின் 17 கற்படுக்கைகள் உள்ள ஏழடிப்பட்டத்துக்குப் போகிறாள். மலைமேல் நாவற்சுனையின் நீருக்கடியில் ஒரு குடைவரைச் சிவலிங்கம் இருக்கிறதல்லவா? அங்கே மட்டும் முதலில் போக முடியாது.

"ஏன்?" என்றேன்.

"அவளுக்கு மூச்சடக்கத் தெரியாது, மாமா. பின்னால் கற்றுக்கொண்டு திரும்பி வருவாள். மலை அதேதான், அவள்தான் மாறியிருப்பாள்."

கதை எழுதுவதைப் பற்றி இவ்வளவு சுருக்கமாக எனக்கு யாரும் சொன்னதில்லை. நண்பரோ, "எல்லாம் முடியட்டும், பார்க்கலாம்" என்றார்.

இந்த இரண்டு வார்த்தைகள் மேல்தான் எனக்குக் கோபம். இது அவர் ஒருவருடைய பேச்சல்ல. நம் சமூகத்தின் பேச்சு. புனேயில் ஒரு சிறு குழு, ராஜஸ்தானத்துக் கோட்டைகளையும் பஹாடி ஓவியங்களையும் கொண்டு 'ராஜி' என்ற விளையாட்டை உருவாக்கியது. 2017-இல் பொதுமக்களிடம் நிதி கேட்டார்கள். கேட்ட தொகை சேரவில்லை. நிறுவியவர்களில் ஒருவர் தம் வீட்டை விற்று வேலையைத் தொடரச் செய்தார். 2020-இல் விளையாட்டு வெளிவந்து, உலகப் பரிசு ஒன்றுக்கான பட்டியலிலும் இடம் பெற்றது. உடனே "நம்முடைய ராஜி" என்றோம். டொராண்டோவில் உருவான 'வெண்பா' 2024-இல் பிரிட்டனின் பாஃப்டா விருதைப் பெற்றபோதும் அதே கைதட்டல். வீடு விற்ற அன்று இந்தக் கைகள் எங்கே இருந்தன?

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டைப் பாருங்கள். அங்கும் ஒரு சிறு கோஷ்டிதான். தாவி ஏறி வழி தேடும் விளையாட்டுதான். 2014-இல் அது அரைகுறையாக இருந்தபோதே ரசிகர்கள் 57,000 ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் கொடுத்தார்கள். 2017-இல் 'ஹாலோ நைட்' வந்தது. 2019-இல் அறிவித்த அடுத்த விளையாட்டுக்காக 2025 வரை, முணுமுணுத்துக்கொண்டேதான், காத்திருந்தார்கள். வெளிவந்த அன்று கூட்டம் தாங்காமல் இணையக் கடைகள் ஸ்தம்பித்தன.

"விளையாட்டெல்லாம் ஒரு கலையா?" என்று கேட்பீர்கள். ஒரு காலத்தில் நாவலையும் இப்படித்தான் கேட்டார்கள். பெண்கள் படித்தால் கெட்டுப்போவார்கள் என்றும் சொன்னார்கள். பையன் தோற்றுவிட்டால் என்ன செய்வது என்று கேட்டால், அந்தப் பயம் நியாயமானது. தோற்கலாம். ஆனால் வாசகர்களே, என் தொடர்கதைகளின் முடிவு எனக்கே தெரியாத நிலையில், வாரா வாரம் காசு கொடுத்துப் பத்திரிகை வாங்கினீர்களே! "முடியட்டும், பார்க்கலாம்" என்று நீங்களும் இருந்திருந்தால், மூன்றாவது அத்தியாயத்திலேயே நான் பேனாவை மூடியிருப்பேன்.

இந்த மலையே இதற்குச் சாட்சி. 9-ஆம் நூற்றாண்டில், பாண்டியன் ஸ்ரீவல்லபன் காலத்தில், மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் இந்தக் கோயிலைப் புதுப்பித்து முகமண்டபம் எடுத்ததாகக் கல்வெட்டு சொல்கிறது. சித்திரம் எழுதியவன் பெயர் நமக்குத் தெரியாது. ஆனால் சுண்ணாம்பு பூசி வர்ணம் குழைத்த நாட்களில் அவனுக்கு யாரோ சோறு போட்டிருக்கிறார்கள். குளம் முடியட்டும் என்று அவர்கள் கைகட்டி நின்றிருந்தால், இன்று நாம் அண்ணாந்து பார்க்க வெறும் பாறைதான் இருக்கும்.

ஆகவே என் தீர்ப்பு நண்பருக்குப் பாதகமாகவே அமைந்தது. பையனிடம் ஒரு பிரதிக்கு உரிய பணத்தை அங்கேயே கொடுத்தேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு குற்றவாளி இருக்கலாம். எப்போது முடியும் என்று அவனைக் கேட்காதீர்கள். அந்தச் சிறுமி இப்போது எந்தப் படியில் நிற்கிறாள் என்று கேளுங்கள்.