வாட் கணக்கை நம்பி ஸ்டீரியோ வாங்காதீர்கள்

பழைய கார் வைத்திருக்கும் நம் தங்கவயல் குடும்பங்களில், கெட்டுப்போன ஸ்டீரியோவுக்குப் பதிலாக எதை வாங்குவது என்ற கேள்வி அடிக்கடி எழுகிறது. ஐயாயிரம், ஆறாயிரத்துக்கு மேல் செலவழிக்க வசதியில்லை. ஆனால் பெரிய திரை வேண்டும், பெட்டியின்மேல் 'நான்கு ஸ்பீக்கருக்கும் தலா 50 வாட்' என்று இருக்கவேண்டும். இந்த ஆசையில்தான் நாம் ஏமாறுகிறோம் என்பது என் கருத்து.

கணக்கைப் பாருங்கள். என்ஜின் ஓடும்போது காரில் கிடைப்பது சுமார் 14.4 வோல்ட். ஸ்பீக்கர் 4 ஓம். தனி ஆம்ப்ளிஃபையர் இல்லாமல் செட்டிலிருந்தே கொடுத்தால், ஒலி சிதையாமல் ஒரு ஸ்பீக்கருக்கு 26 வாட்டுக்கு மேல் போக வழியில்லை. உள் இழப்பு போனால் 20 வாட்டை ஒட்டித்தான் நிற்கும். ஐம்பது என்பது ஒலி கரகரக்கும் நிலையில் எடுத்த உச்ச அளவு. செட்டின் பின்னாலுள்ள ஃப்யூஸ் பெரும்பாலும் 10 ஆம்பியர். அப்படியானால் உள்ளே போவதே 144 வாட். வெளியே தொடர்ந்து 200 எப்படி வரும்? கடைக்காரரிடம் 'ஆர்.எம்.எஸ். எவ்வளவு?' என்று கேளுங்கள். அந்த எண்ணை எங்குமே அச்சிடாத கம்பெனியை விட்டுவிடலாம்.

வாட்டைவிட முக்கியம் வயரிங். செட்டின் மஞ்சள் வயருக்கு எப்போதும் பாட்டரி மின்சாரம் வேண்டும்; நேரத்தையும் ஸ்டேஷன்களையும் நினைவில் வைப்பது அதுதான். சிவப்பு வயருக்குச் சாவி திருப்பினால் மட்டும் வரவேண்டும். அவசரத்தில் இரண்டையும் சேர்த்து முறுக்கி பாட்டரியில் கொடுத்துவிடுகிறவர்கள் உண்டு. சாவியை எடுத்த பிறகும் செட் 0.3 ஆம்பியர் இழுக்கிறது என்று வையுங்கள். ஒரு நாளைக்கு 7.2 ஆம்பியர்-மணி. சிறிய காரின் 35 ஆம்பியர்-மணி பாட்டரி ஐந்தே நாளில் காலி. ஸ்டார்ட்டர் சுழல மறுப்பது அதற்கும் முன்பே. பிள்ளைகள் பெங்களூரில் வேலை பார்க்க, ஞாயிற்றுக்கிழமை மட்டும் காரை எடுக்கும் வயதானவர்கள் இங்கே எத்தனை பேர்! நள்ளிரவில் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய அவசரத்தில் கார் கிளம்பாவிட்டால், பாட்டுப்பெட்டியால் வந்த வினை என்று யாருக்குத் தோன்றும்?

காரின் ஒரிஜினல் பிளக்கை வெட்ட விடாதீர்கள். அந்தந்த மாடலுக்கு ஏற்ற இணைப்பு வயர் தனியாகக் கிடைக்கிறது. அதைக் கேட்டு வாங்குங்கள். ரயில் பெட்டி வயரிங்கில் வயரை முறுக்கி டேப் சுற்றும் வேலையை நாங்கள் ஏற்றதில்லை. அதிர்வில் தளரும், தளர்ந்தால் சூடாகும், சூடானால் தீ. காரும் அதிர்வதுதான், நம் சாலைகளில் கொஞ்சம் கூடுதலாகவே.

இந்த விலையில் வரும் பெயர் தெரியாத ஆண்ட்ராய்டு திரைகளை நான் சிபாரிசு செய்யமாட்டேன். 180 மில்லிமீட்டர் அகலம், 50 மில்லிமீட்டர் உயரமுள்ள சாதாரண செட், ப்ளூடூத்தும் யு.எஸ்.பி.யும் இருந்தால் போதும். சி.டி. இல்லாததே நல்லது; சுழலும் பாகம் இல்லையென்றால் தேய்வதும் இல்லை. சோனி, பயனியர், ஜே.வி.சி. போன்ற பெயர்களைப் பார்க்கலாம். பிளாபுங்க்ட் என்றதும் நம் வயதுக்காரர்களுக்குப் பழைய மரியாதை எழும். பெங்களூர் மைக்கோவின் தாய்நிறுவனமான பாஷ் அந்தக் கார் ரேடியோப் பிரிவை 2008-லேயே விற்றுவிட்டது என்பதையும் நினைவில் வையுங்கள்.

வெளிநாட்டு உறவினர் கொண்டுவந்த செட் என்றால் ரேடியோவைச் சோதியுங்கள். அமெரிக்க அமைப்பில் எஃப்.எம். 0.2 மெகாஹெர்ட்ஸ் வீதம் தாவும். பெங்களூர் ரெயின்போ 101.3-ல் நிற்கும், சென்னைப் பயணத்தில் 101.4-ல் நிற்காது. சில செட்டுகளில் இதை மாற்றலாம். ஜப்பானுக்குள் விற்கும் செட்டோ 101 வரை எட்டாது.

பெங்களூர் ஜே.சி. ரோட்டில் விலை குறையலாம். ஆனால் ஒரு வயர் தளர்ந்தால் 100 கிலோமீட்டர் போகமுடியுமா? ராபர்ட்சன்பேட்டையிலேயே பில் போட்டு, வாரண்டி கார்டில் முத்திரை வைத்து, தானே பொருத்தியும் கொடுக்கும் கடையைத் தேடுங்கள். வேலை முடிந்ததும் சாவியை எடுத்துவிட்டு, கதவுகளை மூடி, பாட்டரி நெகட்டிவில் மீட்டரைத் தொடராக இணைத்து அளக்கச் சொல்லுங்கள். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் பணத்தைக் கொடுங்கள்.