ஒரு புதுக் கார்டா, இரண்டு பழைய கார்டா?

கம்ப்யூட்டர் சாமான் வியாபாரத்தில் உள்ள நம் உறுப்பினர்களுக்கு ஒரு விஷயத்தை எடுத்துச் சொல்ல விரும்புகிறோம். மற்ற வணிகப் பெருமக்களும் படிக்கலாம். தேங்கிய சரக்கு என்பது மளிகைக்கும் உண்டு, ஜவுளிக்கும் உண்டு.

கேம் விளையாட ஒரு பையன் கிராபிக்ஸ் கார்டு கேட்டு வருகிறான். புதுக் கார்டுக்கு அவன் கையில் உள்ள பணம் போதாது. "தம்பி, பழைய கார்டு ரெண்டு ஜோடியா போட்டுக்கோ, புதுசோட வேகம் வரும்" என்று சொல்லி இரண்டைத் தள்ளிவிடுகிறோம். ரிச்சி தெருவிலும் இது நடக்கிறது, மதுரை, கோவையிலும் நடக்கிறது. இது சரியா?

ஒரு காலத்தில் சரிதான். 1998ல் வூடூ-2 கார்டு வந்தபோது இரண்டை இணைத்தால், படத்தின் வரிகளை ஒன்றுவிட்டு ஒன்றாகப் பங்கு போட்டு வரையும். அதைவிட வேகமான ஒற்றைக் கார்டு அன்று கடையில் கிடையாது. பிறகு என்விடியா 2004ல் எஸ்.எல்.ஐ. என்றும், ஏ.டி.ஐ. 2005ல் கிராஸ்ஃபயர் என்றும் கொண்டு வந்தன. அப்போதே கணக்கு இடிக்கத் தொடங்கிவிட்டது.

ஒரு உதாரணம் பார்ப்போம். 2014ல் வந்தது ஜி.டி.எக்ஸ். 970. நினைவகம் 4 ஜி.பி., மின்சாரம் 145 வாட். 2016ல் வந்தது 1070. நினைவகம் 8 ஜி.பி., 150 வாட். இரண்டு 970 போட்டால் மின்சாரம் 290 வாட் ஆகிவிடும். நினைவகமோ கேமுக்கு 4 ஜி.பி.தான். ஒரே படத்தின் சரக்கை இரண்டு கார்டும் தனித்தனியே வைத்துக்கொள்ள வேண்டும், ஆகவே நாலும் நாலும் எட்டாகாது. இதற்குமேல் பெரிய எஸ்.எம்.பி.எஸ்., இரண்டு இடம் உள்ள மதர்போர்டு, சூடு போகிற கேபினட் எல்லாம் வேண்டும். மிச்சம் பிடித்ததாக நினைத்த பணம் அங்கே போய்விடுகிறது. வேகமும் இரட்டிப்பாகாது, படம் விட்டு விட்டு ஓடும் தொல்லை வேறு.

இன்றைக்கு அந்தக் கேள்வியே இல்லை. 2020ன் ஆர்.டி.எக்ஸ். 30 வரிசையில் 3090 ஒன்றில்தான் இணைப்பு வசதி இருந்தது. 2022ல் வந்த 4090ல் அதுவும் இல்லை. பழைய கார்டுகளுக்குப் புது கேம்களுக்கான எஸ்.எல்.ஐ. ஏற்பாடு செய்து தருவதை 2021 தொடக்கத்தோடு என்விடியா நிறுத்திக்கொண்டது. ஆக, புது கேமில் இரண்டாவது கார்டு பெரும்பாலும் சும்மா உட்கார்ந்திருக்கும். இது தெரிந்தும் ஜோடியாக விற்றால் அதற்குப் பெயர் வியாபாரம் அல்ல.

ஜோடிக்கு வேலையே இல்லையா என்றால், உண்டு. செயற்கை நுண்ணறிவு பழகும் மாணவர்கள் இப்போது நிறைய வருகிறார்கள். மொழி மாதிரிகளை இரண்டு கார்டில் பிரித்து ஏற்றலாம். 12 ஜி.பி. உள்ள 3060 இரண்டு போட்டால் 24 ஜி.பி. அளவு மாதிரியை ஏற்ற முடியும், இணைப்புப் பட்டையும் வேண்டாம். பிளெண்டரில் படம் தயாரிப்பவர்களுக்கும் இரண்டு கார்டு வேலையை விரைவாக்கும். ஆனால் காட்சி முழுவதும் ஒவ்வொரு கார்டிலும் அடங்க வேண்டும். இவர்களுக்கு ஜோடியைத் தாராளமாகக் கொடுங்கள். ஆகவே விலை சொல்லுமுன், "எதுக்குப்பா வேணும்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

பழைய சரக்கை என்ன செய்வது என்பீர்கள். முதல் போட்டவர்களின் வயிற்றெரிச்சல் நமக்கும் தெரியும். 2022 செப்டம்பரில் எத்திரியம் மைனிங் நின்றபின் பழைய கார்டுகள் சந்தையில் வந்து குவிந்தன, மலிவு என்று பலரும் வாங்கிப் போட்டோம். கேம் கேட்பவருக்கு அதை ஒற்றையாக, இறங்கிய விலைக்குக் கொடுங்கள். சிறிய திரை வைத்திருப்பவருக்கு ஒன்றே போதும். பில்லில் "பயன்படுத்தியது" என்று எழுதுங்கள். மைனிங்கில் ஓடியது என்றால் அதையும் எழுதுங்கள். கம்பெனி உத்தரவாதம் இன்னும் எத்தனை மாதம் என்பதையும், இல்லாவிட்டால் இல்லை என்பதையும் குறித்துக் கொடுங்கள். நம் கிடங்கிலிருந்து சில்லறைக் கடைகளுக்குப் போகும் பழைய கார்டுகள் இந்த மாதம் முதல் அப்படித்தான் பில் ஆகின்றன.