நான்கு விநாடியில் ஐந்து குண்டுகள்

2012-ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக் பந்தயத்தில் நம் இராணுவ வீரர் விஜய் குமார் வெள்ளிப் பதக்கம் பெற்றதை அன்பர்கள் மறந்திருக்கமாட்டார்கள். இமாசலப் பிரதேசத்தைச் சேர்ந்த அவர் வென்றது 25 மீட்டர் அதிவேகப் பிஸ்டல் போட்டியில். படபடவென்று சுட்டுத் தள்ளுவதில் என்ன திறமை இருக்கக்கூடும் என்று ஐயுறுவோர் நம்மிடையே பலர் உளர். ஐயம் நியாயமானதே.

சுடுபவருக்கு எதிரே ஐந்து இலக்குகள் வரிசையாக நிற்கும். கையிலிருப்பது .22 அங்குலப் பிஸ்டல். அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும். ஆயினும் ஒவ்வொரு குண்டுக்கும் விசையைத் தனித்தனியே அழுத்தியாக வேண்டும். ஒருமுறை அழுத்திப் பிடித்தால் மாரி பொழியும் இயந்திரத் துப்பாக்கியன்று அது. கையை 45 பாகை தாழ்த்தி நின்று, அடையாளம் கிடைத்ததும் உயர்த்தி, இலக்குக்கு ஒன்றாக ஐந்து குண்டுகள் சுடவேண்டும். முதலில் 8 விநாடி அவகாசம், பின்னர் 6, முடிவில் 4.

அந்த நான்கு விநாடியில்தான் வித்தை முழுவதும் அடங்கியிருக்கிறது. கை உயரும்பொழுதே விரல் விசையை மெல்ல இறுக்கத் தொடங்கிவிடும். முதற் குண்டே மிகுந்த நேரத்தை விழுங்குவது. எஞ்சிய நான்கும் பழைய தண்டவாள மூட்டுகளின்மேல் சக்கரம் எழுப்பும் ஓசைபோல ஒரே தாளத்தில் செல்லவேண்டும். கையை மட்டும் வீசினால் குண்டு இலக்கைத் தாண்டிவிடும். ஆதலின் தோளும் கையும் ஒன்றாய் நிற்க, உடலே திரும்புகிறது. உதைப்பினால் மேலெழுந்த குழல் தணியும் கணத்திலேயே கண் அடுத்த இலக்கில் குறி சேர்த்திருக்கும். தோட்டா ஏற்றாமலே இவ்வசைவைப் பன்முறை பழகுவர். ஏறக்குறைய நம் வீட்டுப் பெண்கள் வீணைக்கு விரல் பழகுவது போலத்தான்!

ஹங்கேரி நாட்டுக் கரோலி டகாச் என்னும் இராணுவ வீரரின் வலக்கை 1938-இல் கைக்குண்டு வெடித்துச் சிதைந்தது. அவர் இடக்கையால் சுடப் பழகி, 1948-இல் லண்டனிலும் 1952-இல் ஹெல்சிங்கியிலும் இதே போட்டியில் தங்கம் வென்றார். சுடுவதற்கு வேண்டுவது கையின் வேகமன்று என்பதற்கு இதைவிடச் சான்று எனக்குத் தோன்றவில்லை.

அமெரிக்காவில் வேறொரு வகையினர் உண்டு. துப்பாக்கியின் உதைப்பையே துணைகொண்டு விரலில் விசையை மோதச் செய்து, இயந்திரத் துப்பாக்கிபோல் பொழிவிப்பது அவர்கள் பொழுதுபோக்கு. இதனை எளிதாக்கும் ‘பம்ப் ஸ்டாக்’ என்னும் கட்டையைப் பூட்டிக்கொண்டே 2017-இல் லாஸ் வேகாஸ் நகர இசை விழாக் கூட்டத்தின்மீது ஒருவன் சுட்டான். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2019-இல் நடைமுறைக்கு வந்த தடையை 2024-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் நீக்கிவிட்டது. குறி பாராத அவ்வேகத்தை விளையாட்டென்று கூற என் மனம் ஒப்பவில்லை.

நம் நாட்டில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி 21 வயது நிரம்பாதவர் உரிமம் பெறவியலாது. பயிற்சிக்கு மட்டும் விதிவிலக்குண்டு. அவ்வாறு பயின்ற அனிஷ் பன்வாலா 2018 காமன்வெல்த் பந்தயத்தில் இப்போட்டியிலேயே தங்கம் வென்றபொழுது அவருக்கு வயது 15. பிள்ளைகள் விரும்பிக் கேட்பின், பெற்றோர் முதலில் பயிற்சிக் களத்துக்குச் சென்று, அங்கே துப்பாக்கிகளை எவ்வாறு பூட்டி வைக்கின்றனர் என்பதைப் பார்த்து வருக.