கைவிட்டால் 50 ரூபாய், காப்பாற்றினால் 2 லட்சமா?

தெருநாய் வழக்கில் தங்கள் தரப்பைச் சொல்ல வந்த தனிநபர்கள் 25,000 ரூபாயும், தொண்டு அமைப்புகள் 2 லட்சம் ரூபாயும் கட்ட வேண்டும் என்று 2025 ஆகஸ்ட் 22-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்தப் பணத்தில் உள்ளாட்சிகள் நாய்களுக்கான வசதிகளைச் செய்ய வேண்டுமாம். தெருநாயைப் பராமரிக்கப் பணம் வேண்டும் என்பதை நீதிமன்றமே ஏற்றுக்கொண்டுவிட்டது என்றுதான் இதற்குப் பொருள். தத்தெடுத்த நாய் மீண்டும் தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது தத்தெடுத்தவரின் பொறுப்பு என்றும் அதே உத்தரவு சொல்கிறது. ஆனால், நாய் வீட்டுக்குப் போகும்வரை ஆகும் செலவு யாருடையது? அதை இன்று சுமப்பவர்கள் மீட்புக் குழுவினர். அவர்கள் தத்துக் கட்டணம் கேட்டால் மட்டும் 'நாய் வியாபாரம்' என்று ஏசுகிறோம்.

இந்தக் கட்டணத்தில் என்ன அடங்கியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். பெரம்பலூர் வழியே போகும் திருச்சி - சென்னை நெடுஞ்சாலையிலோ, அரியலூரின் சிமென்ட் லாரிகள் ஓடும் சாலையிலோ ஒரு குட்டி அடிபட்டால், முதல் செலவு வண்டி வாடகை. சிக்கலான எலும்பு முறிவென்றால் ஒரத்தநாடு அல்லது நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிவரை கொண்டுபோக வேண்டும். பார்வோ நோய் தாக்கிய குட்டிக்கு நாள்கணக்கில் குளுக்கோஸ் ஏற்ற வேண்டும். ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி சில வார இடைவெளியில் தடுப்பூசிகள், மூன்று மாதத்தில் வெறிநாய்க்கடி ஊசி, குடற்புழு மருந்து, பிறகு கருத்தடை. இத்தனையும் செய்தும் பிழைக்காத குட்டிகளின் செலவை யாரும் திருப்பித் தருவதில்லை. பிழைத்த ஒன்றுக்கு வாங்கும் கட்டணம்தான் அடுத்த குட்டியின் மருந்துச் செலவு.

தெருவில் கிடந்ததற்கு விலையா என்று கேட்கிறார்கள். வாங்குவது நாய்க்கான விலை அல்ல. ஏற்கெனவே செய்த செலவில் ஒரு பங்கு. ஏழைகளால் தத்தெடுக்க முடியாமல் போகும் என்பது நியாயமான கவலைதான். அவர்களுக்குக் கட்டணத்தைக் குறைக்கலாம், தள்ளுபடியும் செய்யலாம். ஆனால் இலவசமாக வந்த குட்டிக்கும் ஆண்டுதோறும் ஊசி போட வேண்டும், தினமும் சோறு வைக்க வேண்டும். முதல் நாளில் ஒரு சிறு தொகை கட்டத் தயங்குபவர், அது நோயில் விழும் நாளில் என்ன செய்வார் என்பதை மீட்பவர்கள் யோசிக்காமல் இருக்க முடியாது. மீட்பின் பெயரில் ஏமாற்றுபவர்களும் இருக்கலாம். அவர்களைத் தடுக்க ரசீதும் மருத்துவச் சீட்டும் கேளுங்கள். அதற்காகக் கட்டணமே கூடாது என்பது நேர்மையாக உழைப்பவர்களுக்கும் சேர்த்துத் தரும் தண்டனை.

உண்மையில் தண்டிக்கப்பட வேண்டியவர்களை நமது சட்டம் உறைக்கும்படி தண்டிப்பதே இல்லை. வளர்த்த நாயைத் தெருவில் விடுவது 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்; முதல் முறை பிடிபட்டால் அபராதம் 10 முதல் 50 ரூபாய். அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக இந்த 50 ரூபாய் உச்சவரம்பை நாடாளுமன்றம் உயர்த்தவில்லை; நீதிமன்றமோ காப்பாற்ற வருபவர்களிடம் லட்சங்களை எதிர்பார்க்கிறது. பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையங்களில் பிடிக்கும் நாய்களை அங்கேயே திரும்ப விடக் கூடாது என்று 2025 நவம்பர் 7-ல் உச்ச நீதிமன்றத்தின் இன்னோர் உத்தரவும் வந்தது. காப்பகம் எங்கே, அதன் மாதச் செலவு எவ்வளவு என்று கணக்குப் போட்டார்களா? முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவர்கள் இப்படிக் கணக்குப் பார்க்காமல் அறிவிப்பது நம் பகுதிக்குப் புதிதல்ல. அரியலூர் மாவட்டத்தில் ஜெயங்கொண்டம் பழுப்பு நிலக்கரித் திட்டத்துக்கு விவசாயிகளின் நிலத்தை எடுத்தார்கள். திட்டம் வரவில்லை, விவசாயிகள்தான் கால் நூற்றாண்டு அலைந்தார்கள். அறிவிப்பு அவர்களுடையது, அதன் விலை எப்போதும் எளிய மக்களுடையது.

உத்தரவு போடுபவர்கள் அதற்கான பணத்தையும் சேர்த்து ஒதுக்க வேண்டும், கைவிடுபவர்களுக்கு உறைக்கும் தண்டனை வேண்டும். அதுவரை தத்துக் கட்டணம் நியாயமானது. அதைக் கேட்பவர்களை ஏசாமல், கொடுத்துவிட்டுக் குட்டியை வீட்டுக்கு அழைத்துச் செல்லுங்கள்.