கட்டிய கை

எங்கள் தெருவில் எட்டு வயதுப் பையன் ஒருவன் இருக்கிறான். நேற்று மாலை பம்பரம் விடும் வித்தையை எனக்கு விளக்கிக்கொண்டிருந்தான். கயிற்றைச் சுற்றுகிற விதம், வீசுகிற வேகம், சுண்டி இழுக்கிற கணம், எல்லாம் முதலில் அவன் கையில் பிறந்தன. வார்த்தை பின்னால் வந்தது.

உள்ளேயிருந்து தகப்பனார் அதட்டினார்: “பெரியவர்கிட்டே கையைக் கட்டிக்கிட்டுப் பேசுடா!”

பையன் கையைக் கட்டினான். பேச்சு நின்றுவிட்டது. “அப்புறம்... விடணும்” என்று தடுமாறிவிட்டு ஓடிப்போனான். மரியாதை பிழைத்தது, வித்தை செத்தது.

கையசைப்பு என்பது பேச்சுக்குச் சாத்துகிற அலங்காரம் என்று நம் கனவான்கள் நினைக்கிறார்கள். எதிரே இருப்பவர் பார்ப்பதற்காகத்தான் என்றால், டெலிபோனில் பேசுகிறவர் யாருக்காக ஐயா கையை ஆட்டுகிறார்?

1998-இல் ஐவர்சன், கோல்டின்-மெடோ என்ற இரு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள், பிறவியிலேயே பார்வையற்ற 12 இளம் பிள்ளைகளைப் பேசவைத்துக் கவனித்தார்கள். பிறர் கையசைப்பதை ஒருநாளும் பார்த்திராத அத்தனை பேரும் பேச்சோடு கையை அசைத்தார்கள். கேட்பவரும் பார்வையற்றவர் என்று சொல்லி வேறு சிலரைப் பேசவிட்டபோதும் கைகள் ஓயவில்லை. 2001-இல் கோல்டின்-மெடோவும் சகாக்களும் இன்னொரு சோதனையை வெளியிட்டார்கள். கணக்கை விளக்கும்போதே வேறொரு பட்டியலையும் நினைவில் வைத்திருக்க வேண்டும். கையசைத்து விளக்கியபோது பட்டியல் அதிகம் நினைவிருந்தது, அசைக்காதபோது குறைந்தது. அதாவது, மனத்தின் சுமையில் ஒரு பங்கைக் கை வாங்கிக்கொள்கிறது.

அந்தக் கையைத்தான் நாம் கட்டச் சொல்கிறோம். வகுப்பில் கணக்குக்கு விடை சொல்ல எழுந்து நிற்கும் குழந்தையைக் கையைக் கட்டச் சொல்லிவிட்டு, “வாயில் என்ன கொழுக்கட்டையா?” என்றும் கேட்கிறோம்!

மரியாதை வேண்டாமா என்பீர்கள். வேண்டும். ஆனால் இந்தக் கைகட்டும் மரியாதை எங்கே பழகியது? பண்ணையார் முன்னே கூலியாள் நின்றானே, அங்கே. அவன் பேசுவதற்காக நிற்கவில்லை, கேட்பதற்காக நின்றான். கேட்கிறவனுக்குத் தைத்த சட்டையைப் பேசுகிற குழந்தைக்கு மாட்டினால் எப்படி?

இதை அந்தத் தகப்பனாரிடமே சொன்னேன். “அடக்கம்னு ஒண்ணு இருக்கு, சார்!” என்று அவர் வெகுநேரம் வாதாடினார். அவருடைய இரண்டு கைகளும் காற்றில் பறந்துகொண்டிருந்தன.

நான் கட்டச் சொல்லவில்லை. அவர் யோசித்துக்கொண்டிருந்தார். அந்த உரிமை பையனுக்கும் வேண்டும் என்பதுதான் என் வழக்கு.